மோர்மிளகாய்க்கு வெயில் தேடிய வாரம்

ஜூன் 16, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். குற்றாலம் பக்கம் மலையே தெரியவில்லை. ஐந்தருவியில் நல்ல கூட்டமாம். தென்காசி முழுக்கச் சந்தோஷம், என் வீட்டைத் தவிர. செல்வி தயிரில் ஊறப்போட்ட மிளகாய் பாதி காய்ந்ததோடு நிற்கிறது. தட்டுகளை மாடியிலிருந்து இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கி... முழங்கால் வலி. தைலம் வாங்க வேண்டும்.

மகள் காயத்ரி கோவையிலிருந்தபடியே அம்மா செல்விக்குப் போட்டுக்கொடுத்த இணையக் கடை. வத்தல், வடகம், மோர்மிளகாய். இதுவரை சொந்தக்காரர்கள்தான் வாங்கினார்கள். முன்பின் தெரியாத முதல் ஆள் சென்னை லதா. அவர் மகள் படிக்கக் கனடா போகிறாளாம். மோர்மிளகாய் இரண்டு கிலோ. பணமும் கட்டியாயிற்று.

ஜூன் 17, செவ்வாய்

சாரல் விடவில்லை. லதா போன். செ. ஸ்பீக்கரில் போட்டாள்.

"வருமா வராதா, சொல்லிடுங்க. உங்க கடையைத் தேடித் தேடிப் பாத்தேன். இன்ஸ்டாகிராம்ல இல்ல, பேஸ்புக்ல இல்ல, ஒரு ஆள் முகம்கூட இல்ல. ஏமாந்துட்டேனோன்னு பயமா இருக்கு."

செ. முகம் செத்துப்போயிற்று. "நான் என்ன ஏமாத்துக்காரியா?" என்று அடுக்களையில் போய் நின்றுகொண்டாள்.

அந்த அம்மாள் மேல் கோபம் வரவில்லை. போலீசில் ஏட்டாக இருந்தபோது பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் நான் சொன்னதே அதுதான்: முகம் தெரியாத கடைக்குப் பணம் அனுப்பாதீங்க. வீட்டிலோ, வீடியோ கீடியோ எதுவும் வேண்டாம் என்று சட்டம் போட்டதும் நான்தான். ஆளையும் காட்டக் கூடாது, கடையையும் நம்ப வேண்டும் என்றால் யார் நம்புவார்கள்?

காயத்ரிக்குப் போன். "ஏட்டி, அம்மைக்கு அந்த இன்ஸ்டாகிராம் ஒண்ணு ஆரம்பிச்சுக் குடு." அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஜூன் 18, புதன்

முதல் வீடியோ. கேமரா நான். செ. சேலையை இரண்டு தடவை மாற்றினாள். பேச ஆரம்பித்தால் கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி விறைப்பு.

"சும்மா எங்கிட்ட பேசுத மாதிரி பேசு."

"உங்கள்ட்ட பேசுத மாதிரி பேசுனா கடைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க."

அதுவும் பதிவாகிவிட்டது. காயத்ரி வெட்டாமல் அப்படியே போட்டுவிட்டாள். குடும்பமே எதிர்க்கட்சி.

பிறகு நனைந்த மாடியைக் காட்டிப் பேசினாள். "லதாம்மா, இதான் எங்க வானம். அடுப்புல வாட்டி அனுப்பிரலாம், ஆனா வழியிலயே பூஞ்சை பூத்துரும். கடல் தாண்டிப் போற பிள்ளைக்கு அதக் குடுக்க மனசு வரல. பணம் திருப்பி வேணும்னா இப்பவே தாரேன். இல்லன்னா கொஞ்சம் பொறுங்க."

நான் மூக்கை உறிஞ்சினேன். மூக்கடைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

சாயங்காலம் லதாவின் பதில், வீடியோவுக்குக் கீழேயே: "பொறுக்கிறேன். அவ கிளம்ப இன்னும் பத்து நாள் இருக்கு."

ஜூன் 19, வியாழன்

கரண்ட் இல்லை. தைலம் மறந்தாயிற்று. வானம் அப்படியே.

இன்ஸ்டாகிராம் பக்கத்தில் யார் யாரோ விசாரிக்கிறார்கள். "அக்கா, வெயில் வந்துட்டா?" ராயகிரியிலிருந்து ஒரு டீச்சர். துபாயிலிருந்து ஒரு வடகரைக்காரர்: "இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. பார்சல் போடட்டுமா?" செ. வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

பாவூர்சத்திரத்திலிருந்து ஜெயா என்று ஒருத்தி: "அக்கா, இங்கன மழையே இல்ல. வெயில் சுள்ளுன்னு அடிக்குது. எங்க மாடி சும்மாதான் கெடக்கு. மிளகாயக் கொண்டாங்க."

யார், என்ன என்று தெரியாமல் எப்படி என்றேன்.

"லதாம்மா மட்டும் என்னயத் தெரிஞ்சா நம்புனாங்க?" என்றாள் செ.

ஜூன் 20, வெள்ளி

ஆட்டோவில் நான், செ., தட்டுகள். மேலே தார்ப்பாய். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாரல் நின்றது. பாவூர்சத்திரம் சேரும்போது கண் கூசியது.

ஜெயாவின் வீட்டுக்காரர் மார்க்கெட்டில் வெங்காய வியாபாரி. மாடியில் வெள்ளை வேட்டிகளை முன்கூட்டியே விரித்து வைத்திருந்தாள். வாடகை என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, வெயிலு என்ன எங்க வீட்டுச் சொத்தா? வீடியோவுல அக்கா உங்கள வாருனதப் பாத்து வீடே சிரிச்சிட்டு. அதுவே போதும்."

காபி. கூடவே கிண்டல். செ.வும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலப் பேசிக்கொண்டே மிளகாயைப் பரப்பினார்கள். நான் காக்காய் விரட்டினேன்.

ஜூன் 23, திங்கள்

ஜெயா மாடியில் மிளகாய் காய்ந்தாயிற்று. கையில் அள்ளினால் சலசலக்கிறது. எடை போட்டு, கட்டி, கூரியரில் கொடுத்தாயிற்று. ஜெயாவுக்கு அரைக் கிலோ. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் எடுத்துவந்தாள்.

ஜூன் 27, வெள்ளி

லதா படம் அனுப்பியிருக்கிறார். திறந்த பெட்டி, துணிமணிக்கு நடுவே நம் பொட்டலம், பக்கத்தில் அந்தப் பிள்ளை. செ. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், தோசை கருகியது. புது ஆர்டர்கள். மழை மாதத்துக்கெல்லாம் ஜெயா மாடி, லாபத்தில் அவளுக்கும் பங்கு என்று இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை.

நன்றி சொல்ல ஒரு வீடியோ. ராயகிரி டீச்சர் கேட்டிருந்தார், கேமரா பிடிக்கும் அந்த சாரின் பெயர் என்ன என்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து செ.க்கு நான் "இவங்க", "காயத்ரி அப்பா". ஆஸ்பத்திரியில் புருஷன் பெயர் கேட்டால்கூட என்னைப் பார்த்துக் கை காட்டுவாள்.

தலையைக் குனிந்தாள். பிறகு நேராக என்னைப் பார்த்து, "சண்முகவேல்" என்றாள்.

போன் ஆடிவிட்டது. படம் கோணல், கடைசியில் வெறும் தரை. இன்னொரு தடவை எடுப்போம் என்றாள். வேண்டாம், இதையே போடு என்றேன்.