மருந்து வைக்காத கிடங்கு

அன்பு மகளுக்கு,

உன் பேராசிரியைக்கு நானே போன் போட்டுப் பேசிவிட்டேன். இதை உன்னிடம் போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய். அதனால்தான் எழுதுகிறேன். முதலில் முழுசாகப் படி, கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்.

காட்டோரமாக எலி, மூஞ்சூறு, அணில் எல்லாம் பிடித்து, எது எதனோடு சேர்ந்து வாழ்கிறது, எதிலிருந்து என்ன நோய் மனுஷனுக்கு வருகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, மூன்று வருஷம் அங்கேயே தங்க வேண்டும் என்றாய். சந்தோஷம் என்றேன். போனை வைத்த பிறகு யோசித்தேன். எலி பார்க்கக் காட்டுக்குப் போவானேன்? நம் தானியக் கிடங்கில் இல்லாத எலியா?

சுற்றி வளைக்காமல் பேராசிரியை அம்மாவிடம் கேட்டேன். பின்பக்கக் கிடங்கைத் தருகிறேன், என் மகளுக்கு இங்கேயே வேலை கொடுங்கள் என்று. காட்டு எலியோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர்களும் ஒரு கிடங்குக்காக அலைந்துகொண்டுதான் இருந்தார்களாம். எலி மருந்து வைப்பதை நிறுத்த எந்த வியாபாரியும் சம்மதிக்கவில்லையாம். எலிக்குத் தீனி போட்டு வளர்க்கச் சொல்கிறீர்களா என்றேன். வளர்க்க வேண்டாம், கொல்லாமல் இருந்தால் போதும் என்றார். கூண்டில் பிடித்து, எடை பார்த்து, ரத்தம் எடுத்து, காதில் எண் மாட்டி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்களாமே! பிடித்த எலியைத் தப்ப விட்டான் என்று ஒருத்தனைக் கடையை விட்டே விரட்டியவன் நான். அப்படியும் உனக்காகச் சரி என்று சொல்லிவிட்டேன்.

பேரம் படிந்தது என்று நினைத்த நேரத்தில்தான் அவர் சொன்னார், கிடங்கு வேண்டும், ஆனால் உன்னை அங்கே போட முடியாது என்று. அப்பன் கிடங்கில் மகளே எலி பிடித்து மகளே முடிவு எழுதினால் யார் நம்புவார்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயம். நம் தராசுக்கு நாமே முத்திரை குத்திக்கொள்ள விடுவார்களா?

பிறகு குரலைத் தணித்து இன்னொன்று கேட்டார். காட்டு வேலைக்கு வந்த விண்ணப்பங்களில் உன்னுடையதுதான் முதலாவதாம். நீ இன்னும் பதில் சொல்லவில்லையாம். அப்பா தனியாக இருக்கிறார் என்று சொன்னாயாம். நீங்கள் தடுக்கிறீர்களா என்று என்னிடமே கேட்டார்.

நான் எங்கே தனி? மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள், லாரிக்காரர்கள் வந்து போகிறார்கள், கணக்குப்பிள்ளை நாள் முழுக்கத் தொணதொணக்கிறார். உன் அக்கா பிரசவத்துக்குப் போன உன் அம்மா, பேரன் ஓடி விளையாடுகிற வயசாகியும் வரவில்லை. கேட்டால் அவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்கிறாள். அதுவும் வாஸ்தவம்தான். ஷட்டரை இறக்கிய பிறகு கொஞ்ச நேரம் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். வீட்டிலும் அதே நாற்காலிதானே. வேறொன்றுமில்லை.

இன்றைக்கே சம்மதம் என்று எழுதிப் போடு. இன்னொருத்தி தட்டிக்கொண்டு போகும்வரை பார்த்துக்கொண்டிருக்காதே. கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. சாதாரணக் காய்ச்சல் என்றாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக எலியோடு வேலை செய்கிறேன் என்று சொல். உண்ணி கடித்திருக்கிறதா என்று தினமும் பார்த்துக்கொள். நல்ல பூட்ஸாக வாங்கு, அதில் சிக்கனம் பார்க்காதே. எங்கே இருந்தாலும் நன்றாக இரு, கண்ணு.

கிடங்கு விஷயத்தில் நான் பின்வாங்கவில்லை. வேறொரு மாணவி வருகிறாள். பேசி முடித்தது இதுதான்: இரண்டு வருஷத்துக்குப் பின்பக்கக் கிடங்கு அவர்களுடையது. வாடகை வேண்டாம் என்றுவிட்டேன். நான் மருந்து வைக்கக் கூடாது, பூனை விடக் கூடாது. எலி கடித்த மூட்டை என் நஷ்டம். என் பக்கத்தில் ஒரே ஒரு நிபந்தனை: அந்தப் பெண் சாயங்காலம் கிளம்பும் முன்னால் கடையில் வந்து உட்கார்ந்து, அன்றைக்குக் கூண்டில் என்னென்ன விழுந்தது என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

உன் அப்பா