பாதி பாட்டில் மருந்து

அன்புள்ள மகளுக்கு,

செவலை மாடு உயிரை விட்டபோது தொழுவத்தில் நான், உன் அப்பா, சித்தப்பா, மாட்டு டாக்டரம்மா என நான்கு பேர் இருந்தோம். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன், இங்கே உடம்புக்குக் குறைவில்லை, மனசுக்குத்தான் அசதி. போனில் அப்பா எல்லாம் சௌக்கியம் என்றது உன்னைக் கலங்கடிக்க வேண்டாம் என்றுதான். செவலை கதை முடிந்தது, நான் எழுதுவது போன மாதம் உன்னோடு லாரியில் அனுப்பிய கிடாரிக்காக. அதுவும் இதே தொழுவத்தில் செவலை பக்கத்தில் நின்றதுதானே.

முதலில் வெறும் இருமல், மூக்கில் சளி, பிறகு காய்ச்சல். வழக்கம்போல அலமாரியில் இருந்த மருந்தை இரண்டு நாள் ஊசி போட்டோம், கேட்கவில்லை. டாக்டரம்மா வந்து மூக்குச் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு வேறு மருந்து போட்டார், அதற்குள் நுரையீரல் கெட்டுவிட்டது. முன்னாடி என்னென்ன போட்டீங்க என்று கேட்டார், நான் பெருமையாக நோட்டை நீட்டினேன், சாமி கும்பிட மறந்தாலும் அண்ணி நோட்டு எழுத மறக்க மாட்டாங்க என்று சித்தப்பா வேறு. தேதி, மாடு, எத்தனை மில்லி, மிச்சம் எவ்வளவு, நான்கு வருஷத்துக்கு இருக்கிறது. பதினொரு இடத்தில் ஒரே வரி, இரண்டு நாள் ஊசி, இருமல் நின்றது, மிச்சம் பாதி பாட்டில். டாக்டரம்மா எப்போதும் சொல்கிற ஐந்து நாள் ஊசியை ஒருமுறைகூட நாங்கள் முடிக்கவில்லை. நோட்டை மூடிவிட்டு, நீங்க மாட்டுக்கு வைத்தியம் பாக்கலைம்மா, கிருமிக்குப் பாடம் நடத்தியிருக்கீங்க என்றார். இருமல் நின்றாலும் உள்ளே சில கிருமிகள் சாகாமல் கிடக்குமாம், பாதியில் நிறுத்தினால் அந்த மருந்தைத் தாங்கத் தெரிந்தவை பெருகி அடுத்த மாட்டுக்கும் தொற்றுமாம். எல்லாப் பழியையும் எங்க தலையிலயே போடுங்க என்று அப்பா கோபித்துக்கொண்டார். பரிசோதனை முடிவு வந்ததும் அவரே அதை வாங்கிப் படித்தார். இரண்டு மருந்துகள் இந்தக் கிருமிக்குக் கேட்காது என்று எழுதியிருந்தது, அதில் ஒன்று நம் அலமாரி மருந்து.

நீ கிளம்பும்போது அதே மருந்தில் பாதி பாட்டிலைத் துணியில் சுற்றி உன் பையில் வைத்தது நான்தான். இருமினா ரெண்டு நாள் போடு, நின்னதும் எடுத்து வை என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அதைப் போடாதே, சாக்கடையிலும் கொட்டாதே, அங்கே இருக்கிற மாட்டு டாக்டரிடம் கொடுத்துவிடு. கிடாரியைத் தனியாகத் தள்ளிக் கட்டு, தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கட்டும். பரிசோதனை முடிவின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், டாக்டரிடம் காட்டு. அவர் எத்தனை நாள் ஊசி என்கிறாரோ அத்தனை நாளும் போடு, இரண்டாம் நாளே அது துள்ளிக் குதித்தாலும் நிறுத்தாதே. வேண்டுதலை நான் பார்த்துக்கொள்கிறேன், டாக்டரைப் பார்ப்பது உன் வேலை.

ஆண்டவன் உங்கள் இருவரையும் உங்கள் தொழுவத்தில் நிற்கிறவற்றையும் காக்கட்டும். மாப்பிள்ளையிடம் எதையும் மறைக்காதே, என்னைத் திட்டினால் திட்டட்டும். கிடாரி இருமுகிறதா, அந்த மருந்தைப் போட்டாயா என்று சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா