பஞ்சுவின் முடிக்காணிக்கை

12 ஜனவரி 2025

காலை 22 டிகிரி. பிற்பகல் 29. வாடைக்காற்று.

நாய்க்குட்டி இன்றும் சாப்பிடவில்லை. வந்து நாற்பது நாள் ஆகிறது. மாப்பிள்ளை தர்மராஜ் மஸ்கட்டிலிருந்து போனிலேயே ஏற்பாடு செய்து, கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தது. "மினி ஹஸ்கி மாமா. பெருசா வளராது, தன்ஷிகா மடியிலயே வச்சுக்கலாம்" என்றார். பேத்தி தன்ஷிகா பஞ்சு என்று பெயர் வைத்தாள்.

முப்பத்தோராண்டு புவியியல் நடத்தியவன் நான். துந்திரப் பிரதேசப் பாடத்தில் பனியில் வண்டியிழுக்கும் நாய்களைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அந்த இனத்தில் ஒன்று, திருப்புல்லாணியில், என் வீட்டுக் குளியலறைத் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்திருக்கிறது. நம் ஊருக்கு இது வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் அன்றே சொல்லியிருக்கலாம். "பார்த்துச் செய்யுங்கள்" என்றேன். அதற்கு என்ன பொருள் என்று எனக்கே தெரியாது.

14 ஜனவரி

பொங்கல். பஞ்சு ரத்தமாகக் கழிகிறது. தன்ஷிகா கரும்பைத் தொடவில்லை.

15 ஜனவரி

ராமநாதபுரத்துக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். டாக்டர் வசீம் பார்த்துவிட்டு, "பார்வோ வைரஸ் சார். பத்துக் குட்டிக்கு வந்தா அஞ்சு பொழைக்கும்" என்றார். ஊசி மருந்து குளுக்கோஸ் எல்லாம் ஏற்றினார். இரண்டாம் தடுப்பூசி போடும் நாள் தாண்டிவிட்டதாம். நாட்காட்டியில் நான்தான் வட்டம் போட்டு வைத்திருந்தேன். மகள் சத்யப்பிரியா வங்கிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள், நினைவுபடுத்தத் தயங்கினேன். நானே தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே? ஏன் போகவில்லை?

16 ஜனவரி

மனைவி ராமலெட்சுமியை ஐம்பது வருடமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நாயை வீட்டுக்குள் விட்டால் நான் பிறந்த வீட்டுக்கு, அபிராமத்துக்குப் போய்விடுவேன் என்று சொன்னவள். "அந்தச் சனியன்" என்றே அழைத்துவந்தவள். இன்று அதன் தலையைப் பாதத்தின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, கழுத்தில் ஒரு கொத்து முடியை வெட்டி, மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்தாள்.

"அய்யனாரே, இவன் எந்திரிச்சு நடந்தான்னா ஒன் வாசல்ல இவனுக்கு முடி எறக்குறேன். புள்ள மொகத்தப் பாரு."

எங்கள் குலதெய்வம் அபிராமம் பக்கத்தில். அவர் குதிரையின் காலடியில் மண்நாய் இரண்டு நிற்கும். நாய்க்கும் நேர்ந்துகொள்ளலாம் போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

19 ஜனவரி

எழுந்து நின்றது. கஞ்சித் தண்ணீரை நக்கியது. ராமலெட்சுமி அடுப்படிக்குள் போய் அழுதாள்.

9 பிப்ரவரி

தடுப்பூசிக்கு நான் மட்டும் கொண்டுபோனேன். மினி என்று சொன்னதெல்லாம் விற்பதற்குச் சொன்னது. கொஞ்சம் குட்டையான வகை, அவ்வளவுதான் என்றார் டாக்டர். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, "வெயில் வருது சார். பாவம்னு முடிய மட்டும் வெட்டிராதீங்க. மேல ஒண்ணு, உள்ள ஒண்ணுன்னு ரெண்டு அடுக்கு. குளிரு மட்டுமில்ல, வெயிலும் உள்ள எறங்காது. மழிச்சா தோலு வெந்துபோகும். சரியாவும் மொளைக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சிவப்பு மையில் எழுதிவைக்கிறேன்: முடியை மழிக்கக் கூடாது.

இதை ராமலெட்சுமியிடம் சொல்லவேண்டும்.

10 பிப்ரவரி

சொல்லவில்லை. சிவராத்திரிக்குக் கோயிலுக்குப் போவதாக அண்ணன் மூக்கையாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷக் குரலுக்கு நடுவில் எப்படி?

24 பிப்ரவரி

சத்யப்பிரியாவுக்கு விடுப்பு இல்லை. பயணம் பங்குனி உத்திரத்துக்குத் தள்ளிப்போனது. ராமலெட்சுமிக்கு வருத்தம். "நேந்தத வச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுங்க." எனக்கு உள்ளூர நிம்மதி. ஒன்றரை மாதம் கிடைத்திருக்கிறது. அதற்குள் சொல்லிவிடலாம்.

16 மார்ச்

பிற்பகல் 35. குக்கர் விசில் அடித்தால் பஞ்சு மூக்கை மேலே தூக்கி ஊளையிடுகிறது. பக்கத்து வீட்டு நாகலெட்சுமி, "என்னக்கா, வீட்டுல சங்கு வச்சிருக்கீகளா?" என்று கேட்டாளாம். "ஆமா, பருப்பு வெந்துச்சான்னு அவன்தான் சொல்லுவான்" என்றாளாம் ராமலெட்சுமி. தன்ஷிகா சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள்.

இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டு வெகுநாளாகிறது.

10 ஏப்ரல்

நாளை போகிறோம். மாலை அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பஞ்சுவுக்கு..." என்றேன். "என்ன பஞ்சுவுக்கு?" என்றாள். "தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துவைத்துவிட்டாயா?" என்று கேட்டேன்.

என்ன மனிதன் நான்.

அவளுக்குக் கோபம் வரும் என்று மட்டும் பயமில்லை. நேர்த்திக்கடனைத் தடுத்து, அதன்பிறகு தன்ஷிகாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அய்யனார் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. இருக்கிறார் என்று நம்பி நிம்மதியாக இருக்கவும் தெரியவில்லை.

11 ஏப்ரல்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

கோயில் வேப்பமரத்தடியில் முடி இறக்குகிற தங்கப்பாண்டி முதலில் மறுத்தான். "ஏத்தா, நாய்க்கு மொட்டையா? அடுத்த வருசம் எருமையப் புடிச்சாந்து சவரம் பண்ணும்பீகளே!" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மைத்துனர் மூக்கையா, "ஏலே, ஆட்டை வெட்டுறோம், சேவல வெட்டுறோம். இவன் முடிதானடா குடுக்குறான். அவரு கூட்டாளி வேற" என்று மண்நாயைக் காட்டினார்.

தங்கப்பாண்டி மெஷினைக் கையில் எடுத்துவிட்டு, என்னைப் பார்த்தான்.

"சார், நீங்க படிச்சவரு. இது செய்யலாமா? ஒண்ணும் ஆகாதுல்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராமலெட்சுமியும் பார்த்தாள். சிவப்பு மை என் கண்முன்னே இருந்தது. இதைவிட நேராக யார் கேட்பார்கள்? ஒரு சொல் போதும்.

"அவள் நேர்ந்துகொண்டது" என்றேன்.

அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான். பஞ்சு ஆடாமல் நின்றது. தன்ஷிகா தாடையைப் பிடித்திருந்தாள். முடி வெள்ளை வெள்ளையாக விழுந்து காற்றில் பறந்தது. உள்ளே அது இவ்வளவு சிறியது என்று யாருக்கும் தெரியாது. இளஞ்சிவப்பு உடம்பு, விலா எலும்பு, பெரிய தலை. மஞ்சள் முடிச்சோடு முடியையும் தட்டில் வைத்தாள் ராமலெட்சுமி.

"இனி குளுகுளுன்னு இருப்பான்" என்றாள். முகம் தெளிந்திருந்தது.

23 ஏப்ரல்

பிற்பகல் 37. முதுகில் இரண்டு இடத்தில் தோல் சிவந்து உரிகிறது. வாசலில் தன்ஷிகாவோடு பந்து விளையாடுகிறது, தடுத்தால் அழுகிறாள். ராமலெட்சுமி மஞ்சளைக் குழைத்துப் பூசுகிறாள்.

டாக்டரிடம் கொண்டுபோகலாம் என்றேன். இதை மட்டும் சொன்னேன்.

25 ஏப்ரல்

டாக்டர் வசீம் நாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ராமலெட்சுமி பக்கத்தில் நின்றதால் ஒன்றும் கேட்கவில்லை. களிம்பு கொடுத்தார். வெயில் படக்கூடாது, மின்விசிறியடியிலேயே இருக்கவேண்டும் என்றார். கிளம்பும்போது என் தோளைத் தொட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

4 மே

அக்கினி நட்சத்திரம் தொடக்கம். 38.

13 மே

நாளை மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது முதல் ஐந்துவரை மின்தடை. செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டிவைத்தேன். ராமலெட்சுமியும் தன்ஷிகாவும் அபிராமத்தில் ஒரு சடங்குக்குப் போகிறார்கள். பஞ்சுவை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். ஈரச்சாக்கு, வாளி, விசிறி எல்லாம் எடுத்துவைத்துவிட்டேன்.

14 மே

9.05 மின்சாரம் நின்றது.
11.30 ஈரச்சாக்கில் படுக்க மறுக்கிறது. நாக்கு நீளமாகத் தொங்குகிறது.
12.50 தண்ணீர் குடிக்கவில்லை. எச்சில் கயிறுபோல. வெப்பமானி 39. காற்று அசையவே இல்லை.
1.20 டாக்டர் தொண்டிப் பக்கம் முகாமில் இருக்கிறார். உடம்பில் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

அடுத்த தெருவில் ஆட்டோ இருக்கிறது. சாப்பாட்டு நேரம், தூங்குவார்களோ, நாய்க்காக எழுப்பலாமா என்று வாசலில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன்? பத்து நிமிடம் இருக்கும். நாகலெட்சுமி பார்த்துவிட்டு, "என்ன சார், என்ன ஆச்சு? சொல்லுங்க சார்!" என்று கத்தினாள். அவள்தான் ஓடிப்போய் ஆட்டோவைக் கூட்டிவந்தாள்.

2.25. வழியில். என் மடியில். உடம்பு அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

15 மே

பின்பக்கம் கொய்யாமரத்தடியில் புதைத்தோம். தன்ஷிகா, "தாத்தா நல்லாத்தானே பார்த்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள். கேள்வியா, ஆறுதலா? எட்டு வயதுப் பிள்ளை. தெரியவில்லை.

17 மே

டாக்டருக்குப் போன் செய்தேன். முடி இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாது சார். ஆனா நான் ஒங்ககிட்ட சொன்னேன்ல?"

"சொன்னீர்கள்" என்றேன்.

21 மே

ராமலெட்சுமி மூன்று நாளாக ஒருவேளைதான் சாப்பிடுகிறாள். இன்று காரணம் சொன்னாள்.

"சிவராத்திரிக்குப் போயிருக்கணும். தள்ளிப் போட்டேன்ல, அதான் அவரு எடுத்துக்கிட்டாரு. என்னாலதான் போச்சு. அடுத்த மாசம் போயி நான் மொட்ட போட்டுட்டு வாரேன்."

எழுபது வயது. அவளுடைய நரைத்த கொண்டையைப் பார்த்தேன். அதையும் நான் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறேனா?

வாயால் வரவில்லை. அறைக்குப் போய் இந்த நோட்டை எடுத்துவந்தேன். பிப்ரவரி ஒன்பதைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். கண்ணாடி இல்லை, வாசிங்க என்றாள். வாசித்தேன். பத்தாம் தேதியையும் வாசித்தேன். ஏப்ரல் பத்து, பதினொன்று. ஒரு வரியும் விடவில்லை.

முடித்தபின் அவள் நோட்டை வாங்கினாள். எழுத்துத் தெரியாதவளைப்போல அந்தச் சிவப்பு வரியை விரலால் தடவினாள்.

"எம்புட்டு அழகா எழுதி வச்சிருக்கீக" என்றாள். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

எழுந்து போனாள்.

24 மே

36. என் வேட்டியில் இன்னும் வெள்ளை முடி.

29 மே

அக்கினி முடிந்தது. ராமலெட்சுமி சாப்பிடுகிறாள். மொட்டை பற்றிப் பேச்சில்லை. என்னோடும் பேச்சில்லை. தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள்.

6 ஜூன்

காலை 28. பிற்பகல் 36. மாலை குக்கர் விசில் அடித்தது. மூவரும் கொல்லைப்பக்கம் பார்த்தோம்.

விளக்கேற்றியபின் ராமலெட்சுமி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினாறு நாளைக்குப் பிறகு.

"இன்னைக்கு என்ன எழுதுனீக?"

வெப்பநிலையை வாசித்தேன்.

"அது கெடக்கட்டும். மத்தது?"

மற்றது எழுதவில்லை என்றேன்.

"எழுத வேணாம்" என்றாள். "சொல்லுங்க. இங்கனதான் இருக்கேன்."

பேனாவை மூடி வைக்கிறேன்.