மேழிமலை வேந்தருக்கு வெள்ளி தெரியாமற்போனது குறித்து

மாரி பொய்யாதிருக்க, ஏரி உடையாதிருக்க, இரு நாட்டு யானைகளுக்கும் சளி பிடியாதிருக்க! மேழிமலை நாடு உடையவரும், எண்திசையும் நடுங்கும் மீசையரும், போருக்குப் போகுமுன்பே வெற்றி விழாக் கொண்டாடிவிடும் முன்யோசனையருமான நெடுந்தேர் முடியரையர் திருமுன்பு, இலுப்பையாற்று நாட்டு மன்னர் அடலேறு விடங்கரின் ஆணைப்படி அமைச்சன் ஆதன் பொறையன் வணங்கி வரைந்த ஓலை. வானோரும் மண்ணோரும் மூச்சடக்கிக் கேட்கத்தக்க பெருஞ்செய்தி யாதெனில்: மேற்கே வெள்ளி தெரிகிறது.

வெள்ளி கதிரவனுள் ஒளிந்திருக்கும் காலத்தில் மணவினை செய்யலாகாது என்பது நம் இரு நாட்டார்க்கும் பொதுவான வழக்கம். வெள்ளி மறைந்தது, மீண்டும் தோன்றும்வரை பொறுக்க என்று தங்கள் கணியர் அவை எழுதிய ஓலை, இம்மாதம் எங்கள் இளவரசி நீலமங்கையை மணக்கவிருந்த தங்கள் திருமகனார் எழிற்கோவின் கையாலேயே யானைமீது வந்து சேர்ந்தது. கேட்ட இளவரசி அன்னம் தொடவில்லை. எங்கள் மன்னர் தம் பங்கோடு அவர் பங்கையும் உண்டு துயரம் ஆற்றினார்.

அன்று அந்தியில் மேல்மாடத்தில் அவ்வோலை மறுபடி படிக்கப்பெற்றது. படிப்பவன் விளக்குக் கேட்டான். விளக்கு வருமுன்பே கணியர்தம் கையொப்பம் ஈறாகப் படித்து முடித்தான். மறைந்துபோன வெள்ளி அவ்வளவு வெளிச்சம் தந்துகொண்டிருந்தது! மன்னர் நிமிர்ந்து கண்டார். செங்கோலைத் தாம்பூலத் தட்டில் போட்டுவிட்டுக் கைகொட்டித் துள்ளினார். உடனே முரசறைவித்தார்: குடிகள் யாவரும் அவரவர் வீட்டிலிருந்தே வெள்ளியைக் கண்டு மகிழ்க, மாடம் இல்லாதார் வைக்கோற்போர் ஏறுக, ஏற இயலாதார் வாசலில் நின்று வாய் பிளக்க. நகரம் முழுதும் வாய் பிளந்தது. மடைப்பள்ளியில் பால் பொங்கி ஓடியது. எங்கள் ஆஸ்தானக் கணியர் மட்டும், சுவடியைப் பாராமல் வானத்தைப் பார்ப்பது மரபன்று எனக் குனிந்தே இருந்தார். சேனாபதி அவர் மோவாயைப் பிடித்து மேலே திருப்ப நேர்ந்தது. மகாராணியாரோ, "சாயங்காலம் பூத் தொடுக்கறப்ப தினமும் இதைத்தானே பாக்கறேன்? இதுக்குப் போயி ஊரைக் கூட்டுவாங்களா?" என்று திருவாய் மலர்ந்தருளினார்.

தங்கள் திருமகனார்க்குத்தான் வெள்ளி எளிதில் அகப்படவில்லை. இளவரசி விரல் நீட்டிக் காட்டினார், இவர் தெரியவில்லை என்றார். இன்னும் அருகே வந்து காட்டினார். இன்னும் தெரியவில்லை என்றார். எங்கள் ஊர்க் கிழட்டு ஆடுகள்கூடக் கண்டுவிட்ட பொருளைக் காண அவருக்கு நாலைந்து அந்திகள் தேவைப்பட்டன.

கண்டபின் அவரே உண்மையை உரைத்தார். மேழிமலைக் கணியர் மேல்மாடத்துப் பீடத்தில் அமர்ந்தபடி காண்பதையே வானம் என ஏற்பர்; எழுந்து நின்று பார்த்தால் அது ஊர்க்காரன் வானம், அரச வானமாகாது. அப்பீடத்துக்கு நேர் மேற்கேதான் சென்ற ஆண்டு தங்கள் திருவுருவச் சிலை எழுந்தது. பெருமானே, வெள்ளி கதிரவனுள் ஒளியவில்லை. தங்கள் கல் தலைப்பாகைக்குப் பின்னால் இருக்கிறது. கணியர்க்கும் இது தெரியுமாம். "சிலை மறைக்குதுன்னு ராஜாகிட்ட நீ போய்ச் சொல்லு." "ஏன், எனக்கென்ன பிள்ளைகுட்டி இல்லையா?" என்று தமக்குள் வாதிட்டுக் களைத்து, வாய் பேசாத கிரகத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டனராம்.

ஆகவே எங்கள் மன்னர் ஆணை: பீடத்தைச் சற்றே இடப்புறம் நகர்த்துக, அன்றேல் சிலையின் தலைப்பாகையைக் குறைத்துச் செதுக்குக. இரண்டும் கௌரவத்துக்கு இழுக்காயின், தாங்களே ஓர் அந்தியில் வாசலுக்கு வந்து அண்ணாந்து நோக்குக. வெள்ளி தோன்றிற்று என்று தங்கள் மறுவோலை வந்தால் மணமேளம் கொட்டும். வாராதாயின் எங்கள் சேனாபதியின் முழங்கால் வலி தீர்ந்த மறுகணமே போர்ப்பறை முழங்கும்.

விண்ணில் ஒளியும் மண்ணில் பசியும் உள்ளளவும் இவ்வாணை வழுவாது நிற்க. இலுப்பைப்பூ முத்திரை பதித்து, மன்னர் திருக்கண் சாத்தி, நாற்படை சாட்சியாக விடுக்கப்பெற்றது.

அரக்கு உருக்கும்போது வந்த செய்தி: தங்கள் திருமகனாரும் எங்கள் இளவரசியும் நேற்றே மாலை மாற்றிக்கொண்டார்கள்.