அதிகாரி சாப்பிடாத நண்டு

மஜுரோ

அன்புள்ள லிமேயோவுக்கு,

உன் புருஷன் நான் நலம். உன் முட்டிவலியும் உன் தம்பியும் எப்படி இருக்கிறார்கள்?

நான் சமைக்கிற ஓட்டலில் நேற்று நம் ஊர்க்கூட்டம்.

"உங்க தீவுல வெடிச்சுப் பாத்த அணுகுண்டோட விஷமெல்லாம் போயிருச்சு, அங்கேயே திரும்பிப் போங்க. வேற இடம் தேடித் தர்றது இனி எங்க பொறுப்பில்ல" என்றார் அரசாங்க அதிகாரி.

வழக்கப்படி விருந்தாளிக்கு முதல் தட்டை வைத்தேன். "எங்க தீவு நண்டுங்க ஐயா."

"வயிறு சரியில்லப்பா."

"அப்ப எங்க வயிறு மட்டும் இரும்பாய்யா?" என்றாள் நம் தலைவி நெய்லாங். கூட்டமே சிரித்தது. மாற்று இடம் அரசாங்கப் பொறுப்புதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் அதிகாரி.

நண்டு இங்கே சந்தையில் வாங்கியது. வெளியே சொல்லிவிடாதே.

இடம் கிடைக்கிறவரை எனக்கொரு தாழம்பாய் முடைந்து அனுப்பு. இரண்டு பேர் படுக்கிற அகலம் இருக்கட்டும். கடிதத்தைக் கேட்டுப் படகுக்காரன் கத்துகிறான்.

ஜோராக்