காயும் புடவைக்கு நான் சொன்ன விளக்கம்

பேத்தி படிக்கும் கல்லூரியில் போன வாரம் ஒரு பழைய புரொஜெக்டரை ஓட்டிக் காட்டினார்கள். விளக்கு சூடேறி, உள்ளே படிந்திருந்த தூசு கருகும் வாசனை வந்தது. என்னால் உட்கார முடியவில்லை. புழுக்கம் தாங்கவில்லை என்று பேத்தியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். உன்னிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் கடைசி அது. நாம் இரண்டு பேரும் ஒரே மில். நீ தறியில், நான் ஆபீசில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிலிம் சொசைட்டிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவன் நீதான். அங்கே வரும் பிரெஞ்சு வாத்தியார் ஒருவர் தன் எட்டு எம்.எம். கேமராவை உனக்கு இரவல் கொடுத்தார். நீ அதைத் தூக்கிக்கொண்டு கடலோரத்து வைத்திக்குப்பத்துக்குப் போய், கொடியில் ஒரு புடவை காய்வதைப் படம் பிடித்து வந்தாய்.

அவ்வளவுதான் படம். பதினெட்டு நிமிடம், சத்தமே கிடையாது, கேமரா அசையவும் இல்லை. ஈரப் புடவை கனத்துத் தொங்கியது. மெல்ல மெல்லக் காய்ந்தது. நடுவில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. கடைசியில் காற்றில் புடவை எழும்பியது.

சொசைட்டி படம் போடும் பள்ளிக்கூட ஹாலில் முப்பது பேர் இருந்திருப்போம். ஐந்தாவது நிமிடத்திலேயே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டவர்கள் உண்டு. விளக்கைப் போட்டதும் நீ முன்னால் வந்து நின்றாய்.

"ஈரமா இருக்கும்போது கீழ இழுக்குது, காயக் காய மேல போவுது. அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். எல்லாரும் பாக்கணும்னு தோணுச்சு" என்றாய்.

நான் எழுந்தேன். காக்கா பசித்த வர்க்கத்தின் குறியீடு, கொடிதான் வரலாறு, சொட்டிய தண்ணீர் காலனி ஆட்சியின் கண்ணீர் என்று, முகத்தில் சிரிப்பே காட்டாமல் பத்து நிமிடம் பேசினேன். பின்னால் பெஞ்சுகள் குலுங்கின. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவர் எழுந்து, காக்கா இடது பக்கமாகப் பறந்தது தற்செயலா, கொள்கையா என்று பணிவாகக் கேட்டார். ஒரு வக்கீல் தாடையில் கைவைத்தபடி, புடவையின் மறுபக்கத்தைக் காட்டாமல் விட்டது பெரிய துணிச்சல் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நீ சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாய்.

மறுநாள் நெல்லித்தோப்பில் என் வீட்டுக்கு வந்தாய். மெட்ராசில் ஒரு குறும்பட விழாவுக்குப் படத்தை அனுப்பப் போவதாகவும், கூடவே விளக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள் என்றும் சொன்னாய். "எனக்கு அப்பிடியெல்லாம் வராது. நீ பேசுனத அப்பிடியே எழுதிக் குடுத்துடு."

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். டீக்கடையில் சொல்லிச் சிரிக்க இன்னொரு கதை கிடைத்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. இரண்டு பக்கம் எழுதினேன். நீ கீழே கையெழுத்துப் போட்டாய்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. படம் தங்களை உலுக்கிவிட்டதாம். ஆனால் எடுத்தவரே இப்படிக் கிண்டலாக எழுதியிருப்பதால், படமும் கிண்டல்தானோ என்ற சந்தேகத்தில் அதைச் சேர்க்கவில்லையாம். கடிதத்தை என்னிடம் நீட்டினாய். படித்துவிட்டு, அவர்களுக்கு ரசனை போதாது என்றேன். நீ என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய்.

"படம் அவுங்களுக்குப் புடிச்சிருக்கு, பாத்தியா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்துக்கொண்டாய்.

அடுத்த ஞாயிறு கேமரா வாத்தியாரிடம் திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் சேர்ந்து டீ குடித்தோம். நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன் காரியத்தன்று உன் மனைவி என்னிடம் வந்தாள். "அவரு படத்தப் பத்தி நல்லா பேசுனது நீங்க ஒருத்தருதான்னு சொல்லிக்கிட்டே இருப்பாருண்ணே" என்றாள். தெரிந்தே சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா? நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இத்தனை வருடமாக அதை எனக்குள்ளேயே வைத்திருக்கிறேன். புடவை எழும்பிய அந்தக் கடைசி நிமிடத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விளக்கைப் போட்டதும், பக்கத்திலிருந்தவன் என் கண்ணைப் பார்த்துவிட்டான்.

"என்னடா, அழுவுறியா?" என்றான்.

அவன் அதை ஹாலுக்கே கேட்கும்படி சொல்லிவிடுவானோ என்று பயந்துதான் நான் எழுந்தேன்.