உள்ளே குடையாத யாழ்

அன்புள்ள அப்பாவுக்கு, சேவியர்ராஜ் எழுதுவது. முட்டிவலி தேவலையா? போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது என்றுதான் எழுதுகிறேன்.

பெங்களூர்ப் பட்டறையில் இப்போது யாழ் செய்கிறோம். பல நூறு வருஷமாக யாரும் வாசிக்காத நரம்புக் கருவியைத் செய்து தரச் சொல்லி இப்போது திரும்பவும் ஆட்கள் கேட்கிறார்கள். முதல் யாழை, நாம் செய்யும் புனிதர் சிலை மாதிரியே உள்ளே குடையாமல் கெட்டியாகச் செதுக்கிவிட்டேன். நரம்பு கட்டினால் நாதமே இல்லை. "இன்னா சேவியரு, அந்தோணியாரா செஞ்சிக்கினு இருந்த?" என்று கூட வேலை செய்யும் தியாகதுருகத்து மார்ட்டின் சிரித்தான். மூன்று நாள் குடைந்தேன். விரலில் சின்னக் கீறல்தான், தையல் பிரித்தாயிற்று.

மார்ட்டின் ஊருக்கு வருகிறான். உங்கள் பழைய உளி ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். கடை உளியைப் பிடித்துக் கை அலுத்துவிட்டது.

யாழின் சத்தம் சரிதானா என்று சொல்ல இங்கே ஆளில்லை. ஆனால் மீட்டும்போது மரத்தில் கை வைத்தால் அதிர்வு முழங்கை வரை ஏறுகிறது. கிறிஸ்துமஸுக்கு ஒன்றைத் தூக்கி வருகிறேன். நீங்கள் கையை மட்டும் வையுங்கள், அப்பா.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

சேவியர்